பொருமும் பழைய ஊஃபர்: கோளாறைக் கண்டுபிடித்து வீட்டிலேயே சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் என் தாய்மாமா வீட்டில், பொம் ஷெல்டர் எனப்படும் பதுங்கறைக்குள் அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் வெகு நாளாகக் கிடந்தன. எண்பதுகளில் முதல் போனஸில் வாங்கியவை, பேஸ் என்னும் கனத்த ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபர் 10 அங்குலம். போன தீபாவளிக்கு முன்னால் அவற்றை வெளியே எடுத்து ஒலி 96.8 வானொலியை வைத்துப் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் வந்தது.

“பழைய சாமான் எடுக்குற கரங்குனிக்காரர் வந்தா குடுத்துரவாடா? தவில் சத்தம் வந்தா தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு. வலது பக்கம் ரொம்ப மோசம்.”

“குடுக்காதீங்க மாமா. நான் வந்து தூக்கிட்டுப் போறேன்.”

பழைய ஊஃபர் பொருமினால் பெரும்பாலும் செத்துப்போவது ஊஃபர் இல்லை, அதன் ஓரத்தில் இருக்கும் நுரை வளையம்தான். அதை மாற்ற வார இறுதி ஒன்று போதும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி நேரே கத்தியை எடுத்துவிடக் கூடாது. நான் முதன்முதலில் ரிப்பேர் செய்த பெட்டியில், உள்ளே இருந்த கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றி இரண்டு நாளை வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் பின்பக்க ஒயர் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முந்திய வேலை.

பெட்டியைத் திறக்கும் முன்

முதல் கேள்வி: பெட்டி இடம் மாறியதா? சுவர் ஓரமாகவோ மூலையிலோ இருக்கும் பெட்டியில் பேஸ் கூடுதலாகக் கேட்கும். அறை நடுவே இழுத்துப் போட்டால் அதே பெட்டி மெலிந்துவிடும். புது சோபா வந்ததிலிருந்து பேஸ் இல்லை என்று ஒருவர் சொன்னால், நான் சோபாவைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது, ஆம்ப்ளிஃபையர். பேலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆம்ப்பை அணைத்துவிட்டு, இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப் பக்கத்தில் இடம் மாற்றுங்கள். கோளாறு அதே பெட்டியில் தங்கினால் பெட்டிதான் நோயாளி. கோளாறு மறு பெட்டிக்குத் தாவினால் ஆம்ப், அல்லது அதற்கும் முன்னால் உள்ள ஏதோ ஒன்று. ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளையும் அளந்துகொள்ளுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. வோல்ட் கணக்கில் வந்தால் அந்த ஆம்ப்பில் எந்தப் பெட்டியையும் மாட்டாதீர்கள், ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது வாய்ஸ் காயிலை, சுட்டுவிடும். ஆம்ப்பைத் திறப்பது வேறு கலை. 230 வோல்ட் வீட்டு மின்சாரமும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தேங்கியிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களும் உள்ளே இருக்கின்றன. தெரியாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, நான் மேலே சொன்ன பிளஸ் மைனஸ். ஒரு பெட்டியின் ஊஃபர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பாட்டு கேட்கும், தவிலில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் அடி மட்டும் கேட்காது. ஒரே ஒரு பெட்டியில் ஒயரை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எந்த நிலையில் பேஸ் கூடுகிறதோ அதுதான் சரி.

கடகடவென்று ஒலித்தால் அது ஸ்பீக்கர்தானா என்பதும் சந்தேகத்துக்குரியதே. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, சத்தத்தைக் குறைவாக வைத்து 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் அதிர்ந்தால், கையை வைத்து வைத்துத் தேடுங்கள்: ஜன்னல் கம்பி, சாமி மாடத்து மணி, அலமாரிக் கண்ணாடி. ஒரு நண்பர் வீட்டில் குற்றவாளி, பெட்டியின் பின்னால் உள்ள காற்றுக் குழாய்க்குள் புகுந்து செத்து உலர்ந்துபோன பல்லி.

முன்துணியைக் கழற்றியதும்

துணிச் சட்டம் பெரும்பாலும் முளைகளில்தான் நிற்கும். நான்கு மூலையிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

கூம்புக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே அரைவட்டமாகப் புடைத்து ஓடுவதுதான் சரவுண்ட், நான் முதலில் சொன்ன நுரை வளையம். மாமாவின் பெட்டியில் அது விரல் பட்டதும் டீயில் ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரைக்கு ஈரம்தான் எமன். காற்றிலுள்ள நீராவி அதன் பிணைப்புகளை ஆண்டுக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதனால் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் நுரை போய்த்தான் தீரும். ரப்பர் சரவுண்ட் இதைவிடப் பல ஆண்டுகள் தாங்கும். மேடை ஸ்பீக்கர்களில் வரும் மடிப்புத் துணி ஓரமோ கிட்டத்தட்டச் சாகாவரம் பெற்றது. உங்கள் பெட்டியில் இருப்பது ரப்பரோ துணியோ என்றால், கிழிசல் கண்ணில் படாதவரை அதைத் தொடாதீர்கள்.

நுரை உதிர்ந்திருந்தால் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டார். கூட்டாளி உண்டா என்று பார்க்க இன்னும் மூன்று சோதனைகள்.

கூம்பின் நடுமூடிக்கு இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து, மிக மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய்வர வேண்டும். மணல் தேய்வது போலக் கரகரத்தால் வாய்ஸ் காயில் காந்த இடைவெளியில் உரசுகிறது. நுரை போனதால் கூம்பு ஒரு பக்கம் சரிந்து உரசுவதும் உண்டு. அப்படியானால் நுரை மாற்றினால் சரியாகும். கூம்பு அசையவே மறுத்தால், எப்போதோ கீழே விழுந்து காந்தம் இடம் பெயர்ந்திருக்கலாம், அல்லது சூடேறிக் காயில் உப்பியிருக்கலாம். அது வீட்டு வேலை இல்லை.

அடுத்து மல்டிமீட்டர். ஊஃபரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.6 வரை. 8 என்று எழுதியிருக்கிறதே, 6 தானே வருகிறது என்று பயந்து போன் செய்தவர்கள் உண்டு. எழுதியிருப்பது மாறுமின்னோட்டத்துக்கான பெயரளவு, மீட்டர் காட்டுவது கம்பியின் வெறும் மின்தடை. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது முனையிலிருந்து கூம்புக்குப் போகும் மெல்லிய பின்னல் கம்பி அறுந்திருக்கிறது. கூம்பை லேசாக அசைக்கும்போது மீட்டர் வந்து வந்து போனால் பின்னல் கம்பிதான். அதற்குப் பதிலாகச் சாதாரண ஒயரைப் பற்றவைக்காதீர்கள். ஸ்பீக்கருக்கென்றே விற்கும் வளையும் கம்பி வேண்டும், ஈயமும் நுனியில் மட்டும் ஒட்ட வேண்டும். கம்பிக்குள் ஈயம் ஊறினால் விறைத்து அடுத்த மாதமே அறும்.

மூன்றாவது, 1.5 வோல்ட் டபுள் ஏ பேட்டரி. பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸில் வைத்து மைனஸை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு முன்னே துள்ள வேண்டும். பழைய ஜேபிஎல் ஊஃபர்கள் சிலவற்றில் இது தலைகீழாக இருக்கும், அது கோளாறு அல்ல, அவர்கள் வைத்த வழக்கம். எதுவாக இருந்தாலும் இரண்டு பெட்டியும் ஒரே திசையில் துள்ளினால் போதும்.

கெப்பாசிட்டரை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை? பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்துபோவது உண்மைதான். ஆனால் அது முதலில் கெடுப்பது பெரும்பாலும் மெல்லிய கூர் ஒலி தரும் ட்வீட்டரையும் நடு ஸ்பீக்கரையும். ஊஃபருக்குப் போகும் வழியில் தொடராக இருப்பது செம்புக் கம்பிச் சுருள், அது லேசில் கெடாது. பேஸ் பொருமுவதற்குக் கெப்பாசிட்டரைக் குறை சொல்பவர்கள் பலர், நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன்.

அளவெடுப்பதும் சாமான் வாங்குவதும்

10 அங்குலம் என்பது சட்டத்தின் பெயர்தான். அதை மட்டும் சொல்லி நுரை வாங்கினால் பொருந்தாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றி ஊஃபரை வெளியே எடுங்கள். காந்தம் ஸ்க்ரூ டிரைவரை இழுத்துக் கூம்பைக் குத்த வைத்துவிடும் என்பதால் ஒரு கை எப்போதும் கூம்புக்கு மேல் மறைப்பாக இருக்கட்டும். எந்த ஒயர் எந்த முனையில் என்று படம் எடுத்துவிட்டே கழற்றுங்கள்.

மில்லிமீட்டரில் நான்கு அளவு: கூம்பின் வெளி விட்டம், புடைப்பு தொடங்கும் விட்டம், புடைப்பு முடியும் விட்டம், சட்டத்தில் நுரை உட்காரும் இடத்தின் வெளி விட்டம். நுரையின் உள் ஓரம் தட்டையா சாய்வா, கூம்பின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய நுரை முற்றும் உதிர்வதற்குள் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நுரை வளையங்களை இணையத்தில் வரவழைப்பதுதான் எளிது. மல்டிமீட்டர், ஈயம், பின்னல் கம்பி போன்றவற்றுக்கு ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கணினிக்காரர்கள் இடம். உதிரிக்காகப் பழைய ஊஃபர் தேட முன்பெல்லாம் சுங்கை ரோடு திருட்டுச் சந்தைக்குப் போவோம். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அதுவும் முடிந்தது.

மலிவாக இருக்கிறதே என்று நாலைந்து ஜோடி வாங்கி அடுக்கிவைக்காதீர்கள். பெட்டியில் இருக்கும் நுரை எப்படிக் கெடுகிறதோ அப்படியே அலமாரியில் இருக்கும் நுரையும் கெடும். ஒரு ஜோடி மட்டும் போதும், ஆனால் ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். ஒரு பெட்டியின் நுரை போனால் மற்றதற்கும் அதே வயதுதான்.

பசைக்கு நீரில் கரையும் வெள்ளைப் பிவிஏ வகை. ஒட்டியதும் பிடித்துக்கொள்ளாமல் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தரும். சூப்பர் க்ளூ கூடவே கூடாது.

பழையதைச் சுரண்டுவது

வேலையில் அலுப்பான பகுதி இதுதான், பாதிப் பேர் கெடுப்பதும் இங்கேதான். சட்டத்தின் மேல் அட்டை வளையம் இருந்தால் மெல்லிய கத்தியால் நெம்பி, முறியாமல் எடுத்துவையுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும். நுரைத் துகள் காந்த இடைவெளிக்குள் போனால் கரகரப்பு நிரந்தரமாகிவிடும். அதனால் ஊஃபரைக் குப்புறப் பிடித்து, துகள் கீழே விழும்படி சுரண்டுங்கள். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பசையைக் கூர்மழுங்கிய கத்தியால் வழித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். காகிதக் கூம்பென்றால் துணி ஈரமாக மட்டும் இருக்கட்டும், சொட்டக் கூடாது. கூம்பின் ஓரத்துப் பழைய பசை மெல்லிய படலமாக இறுகி இருந்தால் விட்டுவிடுங்கள். அதையும் எடுக்கிறேன் என்று கூம்பின் ஓரத்தைக் கிழித்தவர் கணக்கில் நானும் இருக்கிறேன். தின்னர் பக்கமே போகாதீர்கள்.

காயிலை நடுவில் நிறுத்துவது

மற்ற எல்லாவற்றையும் சுமாராகச் செய்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றில் முடியாது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தாளின் கனத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கூம்பை ஒரு பக்கம் இழுத்து ஒட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்க உரசும்.

இரண்டு வழி உண்டு. நடுமூடியை வெட்டாமல், பசை ஈரமாக இருக்கும்போதே 20 முதல் 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் வாசித்து, உரசல் மறையும் இடத்துக்குக் கூம்பை நகர்த்துவது ஒன்று. நடுமூடியை எடுத்துவிட்டு உள்ளே துண்டுகள் செருகி நிறுத்துவது இன்னொன்று. முதல் தடவை செய்பவர்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழிக்குப் பழகிய காது வேண்டும்.

நடுமூடி ஒட்டியிருக்கும் விளிம்பைச் சுற்றிப் புது பிளேடால் மெல்ல அறுத்து மூடியைத் தூக்குங்கள். உள்ளே காந்தத்தின் நடுத் தூணும் அதைச் சுற்றிக் காயில் உருளையும் தெரியும். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், தெளிவான பிளாஸ்டிக் தாளிலிருந்து வெட்டிய துண்டுகள் ஆறோ எட்டோ, சமதூரத்தில் இடைவெளிக்குள் செருகுங்கள். இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. ஒரு தாள் தளர்வாக இருந்தால் இரண்டாக மடிப்பதைவிட, சற்றுக் கனமான தாளைத் தேடுவது நல்லது.

ஒட்டுவது

முதலில் கூம்பு, பிறகு சட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பசை தடவும் முன் நுரையை வெறுமனே வைத்து நான்கு பக்கமும் சமமாக உட்காருகிறதா பாருங்கள். கூம்பின் ஓரத்திலும் நுரையின் உள் ஓரத்திலும் சிறு தூரிகையால் மெல்லிய பூச்சு. சில நிமிடம் விட்டால் பசை லேசாகப் பிசுபிசுக்கும். அப்போது வைத்து, விரல் நுனியால் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். 15 நிமிடமாவது இதைச் செய்ய வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பிவிஏ காய்வது மெதுவாகத்தான் நடக்கும். பொட்டலத்தில் சில மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நான் ஓர் இரவு விடுவேன். ஏர்கான் அறையில் வைத்தால் சற்று விரைவாகக் காயும். ஹேர் டிரையரைக் காட்டினால் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் சட்டம். பசை தடவி நுரையின் வெளி ஓரத்தைப் படிய வைத்து, கூம்பை இருபுறமும் விரல் வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். செருகிய துண்டுகள் இருப்பதால் தடுமாற்றம் தெரியாது, ஆனால் நுரை ஒரு பக்கம் இழுத்தும் மறுபக்கம் சுருங்கியும் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு. திருப்தியானதும் துணி உலர்த்தும் கிளிப்புகளைச் சுற்றிலும் போட்டு 24 மணி நேரம் மறந்துவிடுங்கள். நானோ மாமாவின் முதல் ஊஃபரில் பொறுமை இழந்து எட்டாம் மணியில் கிளிப்பை எடுத்தேன். ஓர் அங்குல நீளத்துக்கு நுரை எழும்பி நின்றது, அந்த இடத்தை மட்டும் மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

காய்ந்ததும் துண்டுகளை உருவி, தள்ளிப் பாருங்கள். சத்தம் இல்லையா? பெட்டியில் மாட்டாமலேயே டோனை மிகக் குறைவாக வைத்து 20 முதல் 200 வரை ஓட்டுங்கள். பெட்டிக் காற்றின் தடை இல்லாததால் கூம்பு அதிகம் துள்ளும், சத்தம் ஏற்ற வேண்டாம். உரசல் எங்கும் இல்லை என்றால் மட்டும் நடுமூடியை ஒட்டுங்கள். பிறகு அட்டை வளையம்.

பெட்டியும் ஒரு கருவிதான்

1954-இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, இறுக மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஊஃபருக்கு ஸ்பிரிங்காக்கினார். அதனால்தான் சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் கிடைத்தது. உங்கள் பெட்டி அந்த வகை என்றால், அதாவது எங்கும் காற்றுத் துளை இல்லை என்றால், ஊஃபரை மாட்டிய பிறகு கூம்பை மெல்ல உள்ளே தள்ளி விட்டுப் பாருங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது: ஊஃபர் சட்டத்தின் கீழ் உள்ள பட்டை, பின்பக்க ஒயர் முனை, பெட்டியின் இணைப்பு மூலைகள், இந்த வரிசையில் தேடுங்கள்.

மரத்தூள் பலகையில் ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்து சுற்றினால், வெள்ளைப் பசையில் நனைத்த பல்குச்சிகளை ஓட்டையில் திணித்து, காய்ந்ததும் வெட்டிவிட்டு ஸ்க்ரூவைப் போடுங்கள். ஊஃபர் ஸ்க்ரூக்களைக் குறுக்காக எதிரெதிரே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மாட்டும்போது ஊஃபரை முன்பிருந்ததற்குத் தலைகீழாக, அரைச் சுற்றுத் திருப்பி வைப்பது என் வழக்கம். பல ஆண்டுகளாக ஒரே பக்கம் தொங்கிய எடை இனி மறுபக்கம் தொங்கும்.

எப்போது விட்டுவிட வேண்டும்? காயில் அறுந்து, கருகிய வாடை வந்தால், கூம்போடு சேர்த்துக் காயிலை மாற்றும் ரீகோனிங் வேலைக்குத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். பெட்டி நல்ல தரமானதாக இருந்தால் மட்டுமே அந்தச் செலவு தகும். பலகை ஈரத்தில் ஊறி உப்பிவிட்டால் நான் ஊஃபரை மட்டும் கழற்றிவைத்துக்கொண்டு பெட்டியைக் கழித்துவிடுவேன்.

மாமாவின் பெட்டிகள் என் வீட்டில் என் ஆம்ப்பில் மூன்று நாள் பாடின. தவிலின் தொப்பி தொப்பியாகக் கேட்டது. புது நுரை முதல் சில மணி நேரம் விறைப்பாக இருக்கும் என்பதால் மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செங்காங்குக்கு எடுத்துப் போனேன். மாமா தன் ஆம்ப்பைப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வலது பக்கம் இன்னும் சத்தம் கம்மிடா.”

எனக்கு வயிறு கலங்கியது. ஒயரை மாற்றிப் பார்த்தேன், மீட்டரை எடுத்தேன், பெட்டியைக் கழற்றக்கூடத் தயாரானேன். அத்தைதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: “வலது பக்கம் கரகரங்குதுன்னு உங்க மாமாதான் அந்த உருண்டைய இடது பக்கம் திருப்பி வெச்சாரு.”

பேலன்ஸ் குமிழ் பத்து மணி முள்ளைப் போல இடது பக்கம் சாய்ந்து நின்றது.